பழைய காரில் துருவையும் இறுகிப்போகும் பாகங்களையும் தடுப்பது எப்படி?

இருபது ஆண்டுகளை நெருங்கிய கார் ஒன்றை வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி இது. வண்டி வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கிறது; மாதத்தில் சில நாள்கள்தான் ஓடுகிறது. அடிப்பகுதி முழுவதும் கெட்டியான கறுப்புப் பூச்சு அடித்து, போல்ட், நட் எல்லாவற்றிலும் கிரீஸ் தடவிவிட்டால் துருவும் வராது, எதுவும் இறுகிப்போகாது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். அப்படிச் செய்துவிடலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பூச்சும் கிரீஸும் கடைசியில் வரவேண்டியவை. முதல் வேலை, வண்டியில் எங்கெல்லாம் ஈரம் தங்குகிறது என்று கண்டுபிடித்து அதற்கு வெளியேற வழி செய்வது. இரண்டாவது வேலை, கழற்ற வருகிற பாகங்களைக் கழற்ற வருகிற காலத்திலேயே ஒருமுறை கழற்றி, சுத்தம் செய்து, உரிய பொருளைத் தடவித் திரும்பப் பூட்டி வைப்பது. இந்த வரிசை மாறினால், அடித்த பூச்சே துருவை மூடிக் காக்கும் போர்வையாகிவிடும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்து இருக்க வேண்டும். மழைதான் பெய்ய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போதே எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகமெடுக்கிறது. கடற்காற்றிலோ, பனி உருகுவதற்காகச் சாலையில் தூவப்படும் பொருளிலோ உள்ள உப்பு அந்த நீர்ப்படலத்தில் கரைந்தால், மின்வேதி வினைக்குத் தடையே இல்லாமல் போகிறது. அதோடு உப்பு ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்வதால், மேற்பரப்பு உலரவும் விடுவதில்லை. அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, புதிய உலோகத்தை அரிப்புக்குத் திறந்துவிடுகிறது. மேலும், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்கிறது. இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்பு உப்பிப் பிளப்பதும், துளைக்குள் இருக்கும் போல்ட் அசையாமல் இறுகிப்போவதும் இந்த ஒரே காரணத்தால்தான். ஆகவே துருத் தடுப்பும் இறுக்கத் தடுப்பும் தனித்தனி வேலைகள் அல்ல.

காரின் உடல் வெளியிலிருந்து உள்நோக்கித் துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து வெளிநோக்கித் துருப்பிடிப்பதே அதிகம். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவ உத்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடையைத் தாங்கும் முக்கியமான பகுதி அது, உட்பக்கம் வெற்றிடம். உள்ளே நுழையும் நீர் வடிவதற்காக அதன் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். சேறும் பழைய மெழுகும் அடைத்துக்கொண்டால் நீர் மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும். பெயின்ட் குமிழி விட்டு நமக்குத் தெரியும்போது தகடு உட்பக்கத்தில் பாதி கரைந்திருக்கும். கதவுகளின் அடிப்பகுதியும் அப்படியே. ஜன்னல் கண்ணாடியோடு வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் பீடிங் காய்ந்து விலகியிருந்தால் நீரோடு தூசியும் இறங்கி அந்தத் துளைகளை மூடிவிடும்.

அதனால் முதலில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையையோ மெல்லிய மரக்குச்சியையோ எடுத்துக்கொண்டு, கதவுகளின் அடிவிளிம்பையும் உத்தரங்களின் அடிவிளிம்பையும் விரலால் தடவிச் சென்று, அகப்படும் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்துவிடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்; துளையின் ஓரத்தில் இருக்கும் பெயின்டை அது சுரண்டிவிடும். குத்தியதும் நீர் சொட்டினால் நல்ல காலத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம். துருத் துகள்கள் கலந்த பழுப்பு நீர் வந்தால் உட்பக்கத்தைக் கேமராவோ விளக்கோ கொண்டு பார்த்தாக வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தப்பட்டிருக்கும் பள்ளத்தில் இலைச் சருகு சேர்ந்து வடிகாலை அடைக்கும். நீர் நிரம்பினால் அது கார் உள்ளேயே இறங்கும். மேற்கூரையில் திறக்கும் கண்ணாடி இருந்தால் அதன் மூலைகளில் உள்ள வடிகுழாய்களையும் பார்க்க வேண்டும். சக்கர வளைவின் உள்மடிப்பில் ஒட்டியிருக்கும் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சி மட்டுமே எடுக்க முடியாது. நனைந்த சேறு அங்கேயே நின்றுவிட்டால் முன்னைவிட மோசம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, கையால் வழித்து எடுத்து, பிறகு கழுவி, உலரவிட வேண்டும்.

காருக்குள் ஈரம் தேங்குவதை வெகுசிலரே கவனிக்கிறார்கள். கால்மிதிக்கு அடியில் உள்ள விரிப்பின் மேற்புறம் உலர்ந்திருந்தாலும், அதன் அடியிலுள்ள பஞ்சு ஈரத்தில் ஊறிக் கிடக்கலாம். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு அழுத்திப் பாருங்கள். ஏசியின் வடிகுழாய் அடைத்திருந்தாலும், கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும், முன் கண்ணாடியின் ஒட்டு விட்டிருந்தாலும் அந்தப் பஞ்சில் நீர் சேரும். ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகினால் சேர்வது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் என்பதால், தொட்டால் பிசுபிசுக்கும், மணமும் இனிப்பாக இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், பேட்டரி அமர்ந்திருக்கும் தட்டையும் இதே கையோடு பார்த்துவிட வேண்டும். பேட்டரித் தட்டில் அமிலம் சிந்தியிருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, பெயின்ட் அடிப்பது போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் வண்டியை மூடி வைப்பதும் ஈரத்தைச் சிறைவைப்பதுதான். கூரையின் கீழ் காற்றோட்டமாக நிறுத்துவது எந்த உறையையும்விட மேல்.

இப்போது பூச்சுக்கு வரலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து கார் உடல் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் மூலம் பிரைமர் ஏற்றும் முறையும், துத்தநாகம் பூசிய தகடுகளின் பயன்பாடும் மெல்ல மெல்லப் பரவின. துத்தநாகத்தின் சிறப்பு, கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் அரிபட்டு அருகிலுள்ள இரும்பைக் காப்பது. உங்கள் வண்டியில் அந்தத் தொழிற்சாலைப் பூச்சு இன்னும் நன்றாக இருக்கும் இடங்களில் அதைவிடச் சிறந்த ஒன்றை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அடிக்க முடியாது. அதைச் சுரண்டாமல் விட்டுவிடுவதே நல்லது. ரப்பரோ தாரோ கலந்த கெட்டிக் கறுப்புப் பூச்சு கல் அடியைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் அது விறைத்து, நுண்ணிய விரிசல் விடும்; விரிசல் வழியே நுழையும் நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே பரவி, வெளியேற வழியின்றி நிற்கும். மேலே கறுப்பாக, ஒழுங்காகத் தெரியும். திருப்புளியின் பிடியால் தட்டினால் பொத்தென்ற சத்தம் வரும். ஏற்கெனவே துரு இருக்கும் பழைய வண்டிக்கு இதை அடிப்பது தகட்டின் ஆயுளைக் குறைப்பதாகும்.

பழைய வண்டிக்கு ஏற்றது, முழுதாக இறுகாமல் மென்மையாகவே இருக்கும் மெழுகு வகைப் பூச்சு, அல்லது ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் கலந்த பூச்சு. இவை மடிப்புகளுக்குள் ஊர்ந்து செல்லும், கீறினாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும், அடியில் நடப்பதை மறைக்காது. குறை என்னவென்றால், சக்கரம் நீரை வாரி அடிக்கும் இடங்களில் இவை கழுவப்பட்டுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அடிப்பகுதியைக் கழுவி, குறைந்தது இரண்டு மூன்று நாள் நன்றாக உலரவிட்டு, வெயிலான நாளில் அடியுங்கள். சூட்டில் மெழுகு இளகி உள்ளே பரவும். பெட்டி உத்தரங்களுக்குள் சுற்றிலும் துளையுள்ள நீண்ட குழாயை விட்டு, பின்னோக்கி இழுத்துக்கொண்டே தெளிக்க வேண்டும். அடித்து முடித்ததும் முன்பு திறந்த வடிதுளைகளை மறுபடியும் குத்தித் திறந்துவிட மறக்க வேண்டாம். பிரேக் டிஸ்க், சைலன்சர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றின் மேல் எதுவும் படக்கூடாது.

சிறு துருத் திட்டுகளை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் எஞ்சியதைப் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துரு மாற்றியால் நிலைப்படுத்தி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிப்பதே முறை. சாதாரண பிரைமரோடு வண்டியை வெளியே விட்டுவிடக்கூடாது. அது நீரை உள்ளே விடும். துருவின் மேலேயே பட்டி பார்த்துச் சமன் செய்வது, அடுத்த ஆண்டு அதே இடத்தில் பெரிய குமிழிக்கு ஏற்பாடு செய்வது. பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கப்படும் மின்னணுக் கருவிகளில் பணத்தைப் போடாதீர்கள். கப்பலின் அடிப்பகுதியையும் மண்ணில் புதைந்த குழாயையும், மின்சாரத்தால் அரிப்பைத் தடுக்கும் அந்தத் தத்துவம் காக்கிறது என்றால், அவற்றைச் சுற்றி மின்சாரம் கடந்து செல்ல நீரோ ஈரமண்ணோ இடைவிடாமல் இருக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்தச் சுற்றே முழுமையாவதில்லை.

இறுகிப்போகும் பாகங்களில் துருவோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேருகின்றன. அலுமினியத்தோடு எஃகு தொட்டுக்கொண்டு ஈரமும் இருந்தால் அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகி இடைவெளியை அடைக்கும். அலாய் சக்கரம், தான் பூட்டப்படும் சுழல் தட்டான ஹப்பில் ஒட்டிக்கொள்வது இதனால்தான். மற்றொன்று, அசைய வேண்டிய பாகம் அசையாமலே கிடந்து, அதிலிருந்த மசகு காய்ந்துபோவது. குறைவாக ஓடும் வண்டியில்தான் இது அதிகம்.

பிரேக் டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை நான் முதலிடத்தில் வைப்பேன். பெரும்பாலான கார்களில் முன் காலிப்பர் இரண்டு வழுவழுப்பான ஊசிகளின் மேல் பக்கவாட்டில் நகர்ந்து, பிரேக் பேடுகளை இருபுறமும் சமமாக அழுத்துகிறது. ஊசியை மூடும் சிறு ரப்பர் உறை கிழிந்தால் நீர் உள்ளே போகும், கிரீஸ் சாம்பல் நிறக் களிம்பாகும், ஊசி நகராது. உட்பக்கப் பேடு முழுதாகத் தேய்ந்து வெளிப்பக்கப் பேடு புதிதாகவே இருப்பது இதன் அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறை காலிப்பரைக் கழற்றி, ஊசிகளை வெளியே இழுத்து, துணியால் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்கிற்கென்றே விற்கப்படும் சிலிக்கான் அல்லது செயற்கை கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பூட்டுங்கள். நிறைய அடைத்தால் உள்ளே காற்று சிக்கி ஊசி திரும்பத் தள்ளும். இங்கே சாதாரண கிரீஸ் அறவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பர்களை ஊதவைத்து, நீங்கள் தடுக்க நினைத்த இறுக்கத்தையே உண்டாக்கும். ஊசியில் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ‘எல்லாவற்றிலும் கிரீஸ்’ என்ற யோசனையை நான் மறுப்பதற்கு இந்த ஓரிடமே போதும்.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகுவதற்குப் பிரேக் திரவமே காரணமாகலாம். டாட் 3, டாட் 4 வகைத் திரவங்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஈரமே பிஸ்டனையும் மாஸ்டர் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கிறது. ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றிவிடுவது நல்லது. அப்படி மாற்றும்போது காற்று எடுக்கும் நிப்பிளும் திறந்து மூடப்படுவதால் அதுவும் இறுகாது. அதன் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் உடனே புதியது போடுங்கள், ஏனெனில் துருவில் முறிந்த நிப்பிள் ஒன்று காலிப்பரையே மாற்ற வைத்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே ஹப்பின் முகத்தையும் நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, உலோகங்கள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் களிம்பை நடு வளையத்தில் மட்டும், நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். சக்கர நட்டின் மரையில் எதுவும் தடவ வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் முறுக்கு விசை உலர்ந்த மரைக்கானது; எண்ணெய் பட்ட மரையில் அதே விசையைக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு நீளும். மரையைச் சுத்தமாகத் தேய்த்து, விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முறையாக இறுக்கினால் சக்கர நட்டு இறுகிப்போகாது. காற்றழுத்தக் கருவியால் கண்மூடித்தனமாக அடித்து இறுக்குவதே பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி.

சைலன்சர் போல்ட், ஆக்ஸிஜன் சென்சர் மரை, சஸ்பென்ஷன் புஷ்ஷின் உலோகக் குழலுக்குள் ஓடும் நீண்ட போல்ட்டின் உடல், சக்கர நேர்ப்பாட்டைச் சரிசெய்யும் கம்பியின் லாக் நட் ஆகியவை ஆன்டி-சீஸுக்கு உரிய இடங்கள். இறுக்க அளவு குறிப்பிடப்பட்டிருக்கும் மரையில் தடவ நேர்ந்தால் தயாரிப்பாளரின் கையேடு அதற்கு என்ன சொல்கிறது என்று பார்த்து விசையைக் குறைக்க வேண்டும். முலாம் பூசிய ஸ்பார்க் பிளக்குகளுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்த பிறகு கழற்றுவதும், சரியான விசையில் பூட்டுவதும், ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டுவிடாமல் இருப்பதும் போதும். ஒரே நாளில் எல்லா போல்ட்டையும் அசைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, அங்குள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டச் சொன்னால், இரண்டு ஆண்டுகளில் வண்டி முழுவதும் முடிந்துவிடும். கதவுக் கீல், பானெட் பூட்டு, இருக்கைத் தண்டவாளம், வைப்பர் இணைப்புகள் ஆகியவற்றுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். சாவித் துவாரத்துக்கு மட்டும் கிராபைட் பொடி.

வண்டி பல வாரங்கள் நிற்குமானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்க வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கியரில் விடுங்கள். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் கேபிள் உறைக்குள்ளேயே இறுகுவதும் இதனால் குறையும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பலரிடம் இருக்கும் வழக்கம். அது நன்மையைவிடத் தீமையே செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவுக்கு நீர் உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடாகாவிட்டால் அந்த நீர் சைலன்சருக்குள் தங்கி அதை உள்ளிருந்தே அரிக்கும், கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். ஓட்டினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். சில முறை அழுத்திப் பிரேக் போடுங்கள், டிஸ்கின் மேல் படிந்த துரு தேய்ந்து போகும். மாதம் ஒருமுறை ஏசியையும் பத்து நிமிடம் ஓடவிட்டால் கம்ப்ரசரின் சீல்களுக்கு எண்ணெய் போய்ச் சேரும். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் குழாய்நீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் காக்கின்றன, அவையும் காலப்போக்கில் தீர்ந்துபோகும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே இறுகிப்போன போல்ட்டிடம் அவசரம் காட்டக்கூடாது. வெளியே தெரியும் மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துருவில் ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே விட்டு, மறுநாள் இன்னொரு முறை விடுங்கள். டபிள்யூடி-40 போன்றவை நீரை விலக்கவும் ஊடுருவவும் உதவும். நீண்டகால மசகாக அவற்றை நம்ப வேண்டாம். ஆறு மூலைச் சாக்கெட்டை முழுதாகப் பொருத்தி, போல்ட்டின் தலையில் சுத்தியலால் சில தட்டுத் தட்டி, முதலில் மயிரிழை இறுக்கப் பாருங்கள். அசைவு கிடைத்ததும் தளர்த்துங்கள், மறுபடி கொஞ்சம் இறுக்கித் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் பெரிய குழாயை மாட்டி நெம்புவதில்தான் போல்ட் முறிகிறது. சூடு காட்டுவது பலன் தரும், ஆனால் எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சுடவே கூடாது. கொடிய நச்சான பாஸ்ஜீன் வாயு உண்டாகும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திக்கொண்டு அடியில் படுத்து இந்த வேலைகளைச் செய்வதும் உயிரோடு விளையாடுவது. உறுதியான ஸ்டாண்டுகள் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இவ்வளவு பார்க்கும்போது சில இடங்களில் பூச்சோ களிம்போ உதவாத நிலை தெரியவரலாம். எஃகுப் பிரேக் குழாய்கள் கிளிப்புக்கு அடியில் பொருக்குத் தட்டியிருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல், செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிடுங்கள். ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் பிணைக்கப்பட்ட இடம், சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றில் திருப்புளியை அழுத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்தப் பகுதியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமன் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன்பு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் சூட்டில் தகட்டின் மறுபக்கத்துப் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால், வெளிப்பக்கப் பெயின்ட் காய்ந்ததும் அந்த வெற்றிடத்துக்குள் மெழுகைத் தெளித்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.